கூவம் கரையில் சைக்கிள், பக்கிங்காம் கால்வாயில் படகு: சென்னையில் நடக்குமா? யாருக்குப் பயன்?

கச்சிராயபாளையத்தில் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதிப்பதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வரும் கோமுகி ஆறு, ஊருக்குப் பக்கத்திலேயே அணை, அணையில் இருந்து பிரியும் பாசனக் கால்வாய்கள். தண்ணீர் போகும் வழியை ஒட்டி ஒரு மண்பாதை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயலுக்குப் போகிறவர்களும் அதில் போய்வருவார்கள். அதற்கென்று யாரும் திட்ட அறிக்கை போட்டதில்லை, ரிப்பன் வெட்டியதும் இல்லை.

அங்கிருந்து சுமார் 250 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னையில் அதே விஷயத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவைப்படுகிறது. கூவம், அடையாறு கரைகளில் நடைபாதை, சைக்கிள் பாதை என்று பல ஆண்டுகளாகப் பேச்சு. பக்கிங்காம் கால்வாயில் நேப்பியர் பாலம் முதல் கோவளம் வரை 'வாட்டர் மெட்ரோ' படகு விடலாம் என்ற யோசனையும் 2025-ல் செய்திகளில் அடிபட்டது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆபீசுக்கு சைக்கிளில் கிளம்பி, கரையோரமாகப் போய், படகில் ஏறி, டிராஃபிக்கே இல்லாமல் இறங்கலாம். உலகின் சில பெரிய நகரங்களில் இது தினசரி நடக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளாவின் கொச்சியிலும் படகு ஓடுகிறது.

சென்னையில் நடக்குமா? நடந்தால் அது யாருக்கான பயணமாக இருக்கும்? இந்த இரண்டாவது கேள்விக்கான பதில், படகு எந்தத் துறையில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

சென்னைக்குப் படகு புதுசா?

இல்லை. ஒரு காலத்தில் சென்னைக்குச் சரக்கு வந்ததே தண்ணீர் வழியாகத்தான்.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில், சென்னையில் இருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. உப்பு ஏற்றிவருவதுதான் முக்கிய நோக்கம். பிறகு அரசு அதைக் கையில் எடுத்து வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. பசியோடு வந்தவர்கள் கூலிக்கு வெட்டிய அந்த 8 கி.மீ., இன்றைய படகுத் திட்டத்துக்கும் முக்கியமான இடம்.

ஆந்திராவில் இருந்து விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வரை, கடற்கரையை ஒட்டி சுமார் 420 கி.மீ. நீளத்துக்கு இந்தக் கால்வாய் போகிறது. அதில் சுமார் 163 கி.மீ. தமிழ்நாட்டில் இருக்கிறது. விறகு, உப்பு, நெல் என்று எல்லாமே படகில் வந்தன.

அப்புறம் ஏன் நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1960-களில் வந்த புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. தூர்வாருவது குறைந்தது. நகரம் பெருகப் பெருக, கழிவுநீர் போய்ச் சேரும் இடமாகக் கால்வாய் மாறியது.

கூவத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்தில் படகுத்துறைகள் கட்டப்பட்டன, படகும் விடப்பட்டது. கழிவுநீர் வருவது நிற்கவில்லை, படகுதான் நின்றது.

கடைசி அடி, பறக்கும் ரயில். கடற்கரை முதல் சேப்பாக்கம் வரையிலான சேவை 1995 நவம்பரில் தொடங்கியது. 1997-ல் திருமயிலை வரை வந்தது, 2007-ல் வேளச்சேரி வரை போனது. இதற்காகக் கால்வாயின் கரையிலும் கால்வாய்க்கு உள்ளேயும் தூண்கள் நட்டார்கள். நிலம் கையகப்படுத்தும் தலைவலி இல்லாமல் ரயில் பாதை கிடைத்தது. அதற்கு விலையாகக் கால்வாயின் அகலம் போனது.

அதற்கு அடுத்த ஆண்டே, 2008-ல், பக்கிங்காம் கால்வாயையும் உள்ளடக்கிய பாதையை மத்திய அரசு தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. வரைபடத்தில் நீர்வழி, நேரில் ரயில் தூண். இந்த முரண்பாடு இன்றுவரை அப்படியே இருக்கிறது.

கொச்சியில் மட்டும் எப்படி ஓடுகிறது?

கொச்சி வாட்டர் மெட்ரோவைப் பிரதமர் மோடி 2023 ஏப்ரல் 25-ல் தொடங்கி வைத்தார். முதலில் உயர் நீதிமன்றம் – வைபின், அடுத்து வைட்டிலா – காக்கநாடு, 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சி என்று சேவை விரிந்தது. முதல் 6 மாதங்களிலேயே 10 லட்சம் பேர் பயணம் செய்தார்கள்.

மொத்தத் திட்டம்: 10 தீவுகள், 38 படகுத்துறைகள், 78 படகுகள், சுமார் 76 கி.மீ. நீர்வழி. செலவு சுமார் 1,137 கோடி ரூபாய். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் கொடுத்திருக்கிறது. பேட்டரியில் ஓடும் படகுகளைக் கொச்சியிலேயே இருக்கும் கொச்சின் கப்பல் கட்டும் தளம் கட்டித் தருகிறது. சேவை தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய், அதிகபட்சம் 40 ரூபாய். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகும் துறையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மிதக்கும் துறைகள் அமைத்ததால், வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறமுடிகிறது.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. சேவை தொடங்கி 2 ஆண்டுகள் கழிந்தும், திட்டமிட்ட 78 படகுகளில் பெரும்பகுதி வந்து சேரவில்லை.

ஆனாலும் அங்கே ஓடுகிறதே, ஏன்? மூன்று காரணங்கள்.

முதலாவது, தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அகலமான, ஆழமான காயல். புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, படகு அங்கே சுற்றுலாப் பொருள் இல்லை. தீவுகளில் இருந்து நகரத்துக்கு வர, சாலையைவிடத் தண்ணீர்தான் குறுக்கு வழி. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-ல் இருந்தே படகு ஓட்டிவருகிறது. வைக்கம் – தவணக்கடவு இடையே 2017-ல் வந்த 'ஆதித்யா'தான் இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. அதாவது பயணிகளுக்குப் படகு பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது, வாட்டர் மெட்ரோ அதை நவீனமாக்கியது.

மூன்றாவது, இறங்கினால் அடுத்த வண்டி கிடைக்கிறது. வைட்டிலாவில் படகு, மெட்ரோ ரயில், பஸ் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சென்னையில் முதல் இரண்டும் இல்லை. மூன்றாவதை நினைத்தால் செய்துவிடலாம். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் டிக்கெட்டை ஒரே இடத்தில் எடுக்க முடிகிறது. படகு வந்தால் அதையும் அதில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

சாக்கடையில் படகு ஓடுமா?

ஓடும். தாய்லாந்தின் பாங்காக் நகரமே சாட்சி.

அங்குள்ள சான் சாப் கால்வாயில் 1990-ல் இருந்து பயணிகள் படகு ஓடுகிறது. தண்ணீர் சுத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிரே இன்னொரு படகு வந்தால், தண்ணீர் மேலே தெறிக்காமல் இருக்கப் பயணிகளே கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்திக்கொள்வார்கள். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காரணம், மேலே சாலையில் வண்டி நகராது, கீழே படகு நிற்காது.

ஆக, 'முதலில் கூவம் சுத்தமாகட்டும், அப்புறம் படகு' என்று காத்திருக்க வேண்டும் என்பது முழு உண்மை இல்லை. படகு ஓடத் தேவை ஆழமும் அகலமும். நாற்றத்தைப் பயணி பொறுத்துக்கொள்வாரா என்பது, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் சென்னையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கூவமும் அடையாறும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் மணல் அடைத்துக்கொள்கிறது. கடல் நீர் உள்ளே வந்து போனால்தான் கழிவு வெளியேறும். அடைத்துவிட்டால் எல்லாம் தேங்கிவிடும், அடியில் சேறு ஏறும். அதாவது ஒரு தடவை தூர்வாரிவிட்டுப் படகை இறக்கினால் போதாது. ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தொடக்க விழாவுக்குப் பணம் கிடைப்பதுபோல் பராமரிப்புக்குக் கிடைக்காது என்பதைக் கூவத்தில் ஏற்கெனவே கட்டிய படகுத்துறைகள் காட்டிவிட்டன.

ஒரே கால்வாய், இரண்டு நிலைமை

நேப்பியர் பாலம் முதல் கோவளம் வரை என்று சொன்னாலும், அது ஒரே மாதிரியான பாதை இல்லை. இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சேப்பாக்கத்தில் இருந்து திருவான்மியூர் வரையிலான பகுதிதான் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கும் பகுதி. மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் கால்வாய் குறுகிப்போயிருக்கிறது. பாலங்களும் தாழ்வு. பஞ்சத்தில் வெட்டிய 8 கி.மீ. வருவதும் இங்கேதான். தலைக்கு மேலேயே ரயில் ஓடும்போது, அதற்குக் கீழே அதே வழியில் படகு எதற்கு என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது.

திருவான்மியூரைத் தாண்டினால் கதை வேறு. ரயில் பாதை தரமணி பக்கம் திரும்பிவிடுகிறது. கால்வாய் மட்டும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே நேராகத் தெற்கே போகிறது. இங்கே தண்ணீர் அகலம் அதிகம். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

ஆனால் இந்தப் பக்கமும் போட்டி வருகிறது. மாதவரத்தில் இருந்து சிப்காட் வரையிலான மெட்ரோ ரயில் பாதை, பழைய மாமல்லபுரம் சாலையின் மேலேயே கட்டப்படுகிறது. அது வந்துவிட்டால், வடக்கு தெற்காக நீண்ட தூரம் போகிறவர் வேகமான ரயிலை விட்டுவிட்டுப் படகில் ஏறுவாரா?

உலகம் முழுக்கப் படகு ஜெயிக்கும் இடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பெரும்பாலும் அது நீளவாக்கில் இல்லை, குறுக்குவாக்கில். அக்கரைக்குப் போகப் பாலம் இல்லாத இடத்தில்தான் படகுக்குக் கூட்டம். கொல்கத்தாவில் ஹூக்ளியைக் கடக்கும் படகுகள் அப்படித்தான். ஃபோர்ட் கொச்சி – வைபின் இடையே வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் 'ரோ-ரோ' படகும் அப்படித்தான்.

சென்னையின் தெற்குப் பகுதியிலும் இந்தப் பிரச்சனை இருக்கிறது. இரண்டு பெரிய சாலைகளுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது, கடக்கப் பாலங்கள் கொஞ்சம்தான். அக்கரை கண்ணுக்குத் தெரியும், போகவேண்டும் என்றால் சுற்ற வேண்டும். ஆனால் அந்த அகலத்தைக் கடக்கப் படகுகூடத் தேவையில்லை. நடந்தும் சைக்கிளிலும் போகிற மாதிரி சின்னப் பாலங்கள் போதும். வாட்டர் மெட்ரோ அளவுக்கு அதில் பரபரப்பு இல்லை, செலவும் இல்லை.

சைக்கிள் இதில் எங்கே வருகிறது?

படகுத்துறை, ஆற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும். வீடும் ஆபீசும் அப்படி இருக்காது. துறையில் இருந்து வீடு வரையிலான அந்த 2, 3 கி.மீ. தூரத்தை என்ன செய்வது என்பதில்தான் எல்லாப் படகுத் திட்டமும் சிக்கும். அதற்கு மலிவான பதில் சைக்கிள்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், மத்திய ரயில் நிலையத்தின் பின்பக்கம் இருந்து கிளம்பும் படகுகளில் நடந்து வருபவர்களுக்கும் சைக்கிளோடு வருபவர்களுக்கும் டிக்கெட்டே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, அக்கரையில் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1996-ல் இருந்து 'சிட்டிகேட்' என்ற படகுகள் ஓடுகின்றன. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆற்றை ஒட்டிச் சைக்கிள் பாதையும் இருக்கிறது. பாதையில் கொஞ்ச தூரம், படகில் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிப் போகலாம்.

கொச்சி மெட்ரோ ரயிலிலும் 2020 நவம்பரில் இருந்து சைக்கிளைக் கூடவே கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள்.

சென்னையில் கொள்கைக்குக் குறைவில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019-ல் வாடகை சைக்கிள் திட்டம் வந்தது, பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடைபாதைகள் பல இடங்களில் நன்றாகவே மாறின. சைக்கிளுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. கோடு போட்ட இடத்தில் கார் நிற்கிறது.

கூவம் கரையிலும் இதே நிலைமை. 72 கி.மீ. நீளமுள்ள கூவத்தின் கடைசி 18 கி.மீ. சென்னை நகருக்குள் ஓடுகிறது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை கரைகளில் வேலி போட்டு, செடி வைத்து, சில இடங்களில் பூங்காவும் நடைபாதையும் அமைத்திருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் ஏறினால் கடல் வரைக்கும் விடாமல் போகலாம் என்ற தொடர்ச்சி இல்லை. அரை கிலோமீட்டர் பாதையில் காலையில் வாக்கிங் போகலாம், வேலைக்குப் போக முடியாது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைக் கவனிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில்தான் போனார்கள். ஹெல்மெட் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்கள் இல்லை இவர்கள். கட்டட வேலை, பெயின்ட் வேலை, வாட்ச்மேன் வேலை என்று போகிறவர்கள். இந்தியாவில் சைக்கிள் பாதை என்பது முதலில் இவர்களுக்கான விஷயம்.

கரையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

கூவம், அடையாறு கரைகள் காலி இடமாக இருக்கவில்லை. அங்கே தலைமுறையாகக் குடும்பங்கள் இருந்தன. நதிச் சீரமைப்புக்காகவும், 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டியும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வீடு கொடுத்தார்கள்.

கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வெட்டியவருக்கும், நுங்கம்பாக்கத்தில் வீட்டு வேலை செய்தவருக்கும், முன்பு நடந்துபோன தூரம் இப்போது 20 கி.மீ.க்கு மேல். பஸ் மாறி, டிராஃபிக்கில் நின்று போய்ச் சேர வேண்டும். அதனால் வேலையை விட்ட பெண்கள் உண்டு, பள்ளியை விட்ட பிள்ளைகளும் உண்டு.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் இருந்து அனுப்பப்பட்டவர்கள் குடியிருக்கும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாமே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பகுதிகள். படகு விடலாம் என்று பேசப்படும் தெற்கு பக்கிங்காம் கால்வாய் அதே சாலையின் இன்னொரு பக்கம் போகிறது. நடுவில் இருப்பது சைக்கிளில் கடந்துவிடக்கூடிய தூரம்.

அதாவது, கூவம் கரையில் இருந்து யாரை அப்புறப்படுத்தினார்களோ, அவர்களை மறுபடி நகரத்தோடு இணைக்கும் வழியாகவே இந்தப் படகு இருக்க முடியும். அல்லது முட்டுக்காடு, கோவளம் என்று வார இறுதிச் சுற்றுலாப் படகாகவும் அது மாறலாம். துறையை எங்கே வைக்கிறார்கள், துறையில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறதா, கண்ணகி நகரில் இருந்து துறைக்குப் பாதுகாப்பாக வர ஒரு பாதை இருக்கிறதா என்பதை வைத்தே, திட்டம் யாருக்கானது என்று சொல்லிவிடலாம்.

டிக்கெட் எவ்வளவு இருக்கும்?

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். 'விடியல் பயணம்' என்று பெயர். கண்ணகி நகரில் இருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இன்று பஸ் செலவு பூஜ்யம்.

கொச்சியின் 20, 40 ரூபாய் கட்டணத்தை அப்படியே இங்கே வைத்தால் போகவர ஒரு நாளைக்கு 40 முதல் 80 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,000 முதல் 2,000 ரூபாய். வீட்டு வேலை செய்து சம்பாதிக்கும் ஒருவர் இலவச பஸ்ஸை விட்டுவிட்டு இதைக் கொடுப்பாரா? மாட்டார். ஐ.டி. ஊழியர் கொடுப்பார், சுற்றுலாப் பயணி கொடுப்பார்.

அதில் தப்பில்லை. ஆனால் அப்படி ஆனால் அதைப் 'பொதுப் போக்குவரத்து' என்று சொல்லிப் பொதுப் பணத்தைப் போடுவது நியாயமா என்ற கேள்வி வரும். விடியல் பயணம் படகுக்கும் பொருந்துமா என்பதை, திட்டம் வந்தால் முதல் நாளிலேயே அரசு தெளிவுபடுத்த வேண்டியிருக்கும்.

வெள்ளம் வந்தால் என்ன ஆகும்?

பக்கிங்காம் கால்வாய்க்கு இன்று இருக்கும் பெரிய வேலை, மழைநீரைக் கடத்துவது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடு வழியாக இந்தக் கால்வாய்க்குத்தான் வர வேண்டும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், தண்ணீர் வடிய வழியில்லாமல் தென்சென்னை எப்படித் தத்தளித்தது என்பது நினைவிருக்கும். படகுத்துறை, கான்கிரீட் கரை, சைக்கிள் பாதை என்று எதைக் கட்டினாலும், அது தண்ணீர் போகும் வழியைக் கொஞ்சம்கூடக் குறுக்கக் கூடாது. பறக்கும் ரயில் தூண்களில் செய்த தப்பை இன்னொரு தடவை செய்ய இடமில்லை.

பிரிஸ்பேனிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 2003-ல் ஆற்றின் மேல் மிதக்கும் நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் அது பிய்த்துக்கொண்டு போனது. ஆற்றில் அடித்து வந்த பெரிய துண்டை, பாலங்களில் மோதாமல் ஒரு இழுவைப் படகு கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2014-ல் அதே இடத்தில், இந்தத் தடவை மிதக்காமல் தூண்களின் மேல் நிற்கும் பாதையைக் கட்டினார்கள்.

கச்சிராயபாளையத்துக்கு இதில் என்ன இருக்கு?

பெரிய நகரத்துப் பிரச்சனை, நமக்கென்ன என்று தோன்றலாம். இரண்டு காரணங்களுக்காக இருக்கிறது.

ஒன்று, சென்னையில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களில் இதுபோன்ற ஊர்களில் இருந்து போனவர்களும் இருக்கிறார்கள். மலிவாக ஒரு பயண வழி வந்தால் அவர்களுக்கும் பயன், வராவிட்டால் அவர்களுக்கும் நஷ்டம்.

இரண்டாவது, கோமுகி. அணையின் முழுக் கொள்ளளவு 46 அடி. அணையைத் தாண்டி ஆறு கள்ளக்குறிச்சி வழியாகப் போய், மணிமுக்தாவில் சேர்ந்து, வெள்ளாற்றுக்குப் போகிறது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகங்கள் வரும், வீடுகள் பெருகும், கழிவுநீரும் பெருகும். கூவமும் ஒரு நாள் சாதாரண ஆறாக இருந்ததுதான். ஆற்றில் கழிவுநீரை விடாமல் இருப்பதற்கும், கரையை ஆக்கிரமிக்காமல் விடுவதற்கும் இன்று ஆகும் செலவு கொஞ்சம். விட்டுவிட்டு 50 ஆண்டு கழித்துச் சரிசெய்யப் போனால் எவ்வளவு ஆகும் என்பதைச் சென்னை காட்டிக்கொண்டிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் 11-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். அந்தச் சைக்கிள் பயமில்லாமல் போக, கால்வாய்க் கரைப் பாதையைக் குண்டும் குழியுமாக விடாமல், இரவில் வெளிச்சத்தோடு வைத்திருந்தாலே போதும். வாட்டர் மெட்ரோ அளவுக்குப் பணம் தேவையில்லை.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

சென்னை வாட்டர் மெட்ரோ பற்றி அடுத்த அறிவிப்பு வரும்போது, படகு எவ்வளவு அழகாக இருக்கிறது என்ற கிராஃபிக்ஸ் படத்தைவிட இந்த ஐந்து விவரங்களைத் தேடுங்கள்:

• முதல் கட்டம் எங்கே? திருவான்மியூருக்குத் தெற்கே என்றால் நடக்க வாய்ப்பு அதிகம். மயிலாப்பூர் வழியாக என்றால் தூண்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

• ஆண்டுதோறும் தூர்வார யார், எவ்வளவு பணம் ஒதுக்குகிறார்கள்?

• கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் துறை உண்டா? அங்கிருந்து துறைக்குச் சைக்கிள் பாதை உண்டா? படகில் சைக்கிளை ஏற்றலாமா?

• பெண்களுக்குக் கட்டணம் உண்டா, இல்லையா?

• கரையில் வேலை தொடங்க இன்னும் யாரையாவது அப்புறப்படுத்தப் போகிறார்களா? அப்படி என்றால் அவர்களுக்கு வீடு எங்கே?

கடைசிக் கேள்விக்கு 'இன்னும் 20 கி.மீ. தள்ளி' என்பது பதிலாக இருந்தால், அவர்கள் அங்கிருந்து நகரத்துக்கு வர மறுபடி ஒரு புதிய பயண வழியைத் தேட வேண்டியிருக்கும்.